இசை கேட்கும்போதும் காலை ஆட்டுகிறாள்

கண்ணு,

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன். எங்காவது குரல் உயர்ந்திருந்தால், உயர்ந்ததாகவே வாசித்துக்கொள். முப்பத்தோரு வருஷம் வகுப்பறையில் நின்றவள், பொறுமைக்குப் பேர் போனவள் என்று என்னைச் சொல்லுவார்கள். அந்தப் பொறுமையை நம்பித்தான் போன ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் உன் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு நீ அதைச் சொன்னாய். "நீயும்தானேம்மா உன் கிளாஸ்ல டேப்ரிகார்டர்ல வீணை போட்டு எல்லாரையும் அமைதியா உட்கார வெச்ச? ஆபீசரே பாராட்டினாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்க! இப்ப பாப்பா ஸ்கூல்ல அதையே செஞ்சா மட்டும் தப்பா?" பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, கும்மிடிப்பூண்டி வந்து சேரும்வரை உனக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். உன் மகளின் பள்ளிக்கூடம் உனக்குக் கொடுத்தது போன்ற காகிதம் இன்னும் எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேஜைமேல் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். பேத்தியின் பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரும் வேண்டாம்.

படிக்கிறவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாப்பா ஒன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். பாதி எழுதும்போது எழுந்து ஜன்னலுக்குப் போவாள், பக்கத்துப் பிள்ளையிடம் கதை கேட்பாள், பென்சிலால் பெஞ்சைத் தட்டுவாள். அவளுக்குக் கவனம் போதவில்லை என்று பள்ளியில் முடிவு செய்தார்கள். மாடியில் ஓர் அறையை ஒழித்து, பாய் விரித்து, அதற்கு இசை அறை என்று பெயர் வைத்தார்கள். அவளையும் அவளைப்போல இன்னும் ஐந்து பிள்ளைகளையும் அங்கே உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கர்நாடக சங்கீதம் கேட்கவைத்தார்கள். மனசு அடங்குமாம், கவனம் கூடுமாம். பதினைந்து நாள் சோதனை. சோதனை முடிந்து, காலாண்டு விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளிலிருந்து வருஷம் முழுக்க இதையே தொடரச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. இவ்வளவும் நீ எனக்குச் சொன்னதுதான். நீ சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஆறு பிள்ளைகளையும் இசை அறைக்கு எந்த நேரத்தில் கூட்டிப்போகிறார்கள் என்பது. விளையாட்டு பீரியடில் கூட்டிப்போகிறார்கள். உட்கார முடியாத பிள்ளைக்கு ஓடுவதற்கென்று இருக்கிற ஒரே நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு, அந்த நேரத்திலும் உட்கார் என்கிறார்கள். பசி என்று அழுகிற பிள்ளையின் தட்டைப் பிடுங்கிவிட்டு, பொறுமையைப் பற்றிக் கதை சொல்வதுபோல இருக்கிறது இது.

என் மருமகள் சுதாவுக்கு ஆடிட் வேலை என்று நான் வந்து பத்து நாள் உங்களோடு இருந்தேனே, அப்போது ஒருநாள் பாப்பாவைக் கூட்டிவரக் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். தூறல் போட்டது. வாட்ச்மேன், "மேல போய் நில்லுங்கம்மா, நனையாதீங்க" என்று உள்ளே விட்டார். மாடி வராந்தாவில் நின்றபோது அந்த அறையின் ஜன்னல் திறந்திருந்தது. ஆறு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே மைதானத்தில் மற்ற பிள்ளைகள் தூறலில் நனைந்துகொண்டே கத்துவது நன்றாகக் கேட்டது. பாப்பாவின் உடம்பு அசையவில்லை. வலது காலின் கட்டை விரல் மட்டும் அசைந்தது. முதலில் கொசு என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன். சீராக அசைந்தது. மெதுவாக நான்கு, ஒரு நிறுத்தம், மறுபடி நான்கு, அப்புறம் விறுவிறுவென்று ஒரு ஓட்டம். காதில் ஓடுகிற பாட்டை அந்த ஒரு விரல் வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த மிஸ் எழுந்து வந்தாள். குனிந்து, அந்த விரலைத் தன் கையால் பிடித்து அழுத்தினாள். நான்கு விரல்களோடு ஐந்தாவதாக அதுவும் அடங்கியது.

நான் அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டுப் பேசினேன். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். காலையிலிருந்து நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய களைப்பு முகத்தில் தெரிந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

"ஏம்மா காலைப் புடிச்ச?"

"ஆன்ட்டி, ரிலாக்ஸ் ஆகணும்ல. பாடி மூவ் ஆச்சுன்னா மைண்ட் காம் ஆகலைன்னு அர்த்தம்."

"அவ தாளம் போடறாம்மா."

"தெரியும் ஆன்ட்டி. ஆனா போடக் கூடாது. இது சயின்டிஃபிக்கா ப்ரூவ் பண்ணது."

"யாரு பண்ணாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மேனேஜ்மென்ட்" என்றாள்.

பதினைந்து நாள் சோதனையின் முடிவை அன்றைக்குத்தான் டைரியில் எழுதி அனுப்பினார்கள். நீயும் பார்த்தாய், கீழே கையெழுத்தும் போட்டாய். "சற்று முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் இசை கேட்கும்போதும் காலை ஆட்டுகிறாள்." சென்னையில் சபாக்களில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களை டிவியில் பார்த்திருப்பாய். தொடையைத் தட்டுகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், கையை வீசுகிறார்கள். அவர்களை ரசிகர் என்கிறோம். யாராவது அவர்கள் வீட்டுக்கு, "ஐயா இசை கேட்கும்போது தொடையைத் தட்டுகிறார், கவனிக்கவும்" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்களா? ஆறு வயசுப் பிள்ளை செய்தால் மட்டும் அது எப்படிக் குறையாகிறது?

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பாப்பாவைக் கேட்டேன், "உள்ள இன்னா பாட்டு போட்டாங்க?" என்று. ஆட்டோவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "டொய்ங் டொய்ங்னு ஒண்ணு வரும் ஆயா, மெதுவ்வா வரும். அப்புறம் ஒருத்தர் டக டக டக டகன்னு ஓடுவாரு. அவர் ஓடறப்ப என் காலும் ஓடிச்சு. மிஸ் புடிச்சு வெச்சுட்டாங்க." எதிரில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, "மத்தளம் வாசிக்கிற பொண்ணா?" என்று கேட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினாள். முன்பின் தெரியாத ஒரு பூக்காரிக்கு விளங்கியது. அப்பாவாகிய உனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நீ அமெரிக்காக்காரர்களோடு பேசுகிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பின்னிரவுவரை பேச்சுதான். காலையில் பாப்பா எழும்போது நீ தூங்குவாய். அதனால் சத்தம் கூடாது. அவள் பள்ளிவிட்டு வந்து பால் குடித்துவிட்டு விளையாட உட்காரும்போது நீ பேசுவாய். அதனால் சத்தம் கூடாது. கீழே போய் விளையாடலாம் என்றால், கார் நிறுத்துமிடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது என்று உங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் பலகை மாட்டியிருக்கிறார்கள். கார் தூங்குகிறது போலிருக்கிறது. அன்று பாப்பா கூடத்தில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, ஆட்டோவில் சொன்ன அந்த டக டகவை எனக்கு வாசித்துக் காட்டினாள். நீ கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்து உன் குரல் மட்டும் கேட்டது. "சாரி, சாரி, பேக்ரவுண்ட் நாய்ஸ்" என்று யாரிடமோ சொன்னாய். பிறகு வெளியே வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், அன்பாகவே, நீ வாங்கிக் கொடுத்த இளஞ்சிவப்பு ஹெட்போனை அவள் காதில் மாட்டினாய். "வயலின் கேளு பாப்பா, காம்மா இரு" என்றாய். அவள் டப்பாவை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். சுதா என்னைப் பார்த்தாள். "நான் சொன்னா கேட்க மாட்டாரு அத்தை, நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ டேப்ரிகார்டர் கதையைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாய்.

அந்தக் கதையை உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்லாதது என் குற்றம். இன்றைக்குச் சொல்கிறேன்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம். எனக்குத் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த தொடக்கப் பள்ளியில் வேலை. ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு. என் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர், அத்தனை பேரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். காலையில் வாசலுக்குள் கால் வைத்ததும் ஒரு கூச்சல் கிளம்பும் பார், கூரையே எழும்பிவிடும். என் தொண்டை தினமும் கட்டிக்கொள்ளும். அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்பில், மெல்லிய சங்கீதம் வைத்தால் பிள்ளைகள் அடங்குவார்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் வீட்டு டேப்ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். வீணை, கூட மிருதங்கம். கை கட்டி, வாயில் விரல் வைத்து, கண்ணை மூடிக் கேட்கவேண்டும் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் கூடம் அப்படியே அடங்கியது. ஆய்வுக்கு வந்த கல்வி ஆபீசர், ஏ.இ.ஓ. ஐயா, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "கோயில் மாதிரி இருக்கும்மா" என்றார். இதுவரைதான் உனக்குத் தெரியும்.

அந்த வகுப்பில் மெர்சி என்று ஒரு பெண். அப்பா ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி, எப்போதும் நைட் ஷிப்ட். பாட்டு ஓட ஆரம்பித்தால் கட்டின கைக்குள்ளிருந்து அவள் விரல்கள் வெளியே வந்துவிடும். பெஞ்சில் தட்டுவாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அவள் தட்டியது சரியாக விழுந்தது என்பது எனக்குக் கேட்டது. ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தும், "மெர்சி, கையை மடக்கு" என்றேன். முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாள் கையில் அடித்தேன். மூன்றாம் நாள் பாட்டு முடிகிறவரை வெளியே நிற்கவைத்தேன். சங்கீதம் கேட்டு அடங்காதவள் என்று வகுப்பின் முன்னால் சொன்னேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். இடுப்பில் இன்னொரு குழந்தை. சண்டை போடத்தான் வந்திருப்பாள் என்று நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் சண்டை போடவில்லை.

"டீச்சர், ஊட்ல இது வாயத் தொறக்கக் கூடாது. ஒரே ரூமு. அதோட நைனா நைட்டு முட்ச்சிட்டு வந்து தூங்கினு இருப்பாரு. ஒரு டம்ளர் கீழ வுழுந்தாக்கூட எய்ந்து உதைப்பாரு. பூன மாதிரி நடக்கும். ஸ்கூலுக்குப் போயாவது கொஞ்சம் கத்தட்டும்னு பாத்தா, நீங்களும் பாட்டப் போட்டு வாயக் கட்டி வெச்சுகினுகீறீங்க. அது எங்கதான் கத்தும்?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பள்ளிக்கூடம் கத்துற இடம் இல்லம்மா" என்றேன். நல்ல ஆசிரியைக்குரிய பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக் கூச்சல் எதனால் என்று அவள் எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாள், எனக்கு ஏறவில்லை. ஐம்பத்திரண்டு பேரில் பாதிப் பேருக்கு வீட்டில் தூங்குகிற அப்பா உண்டு. விடியற்காலையிலிருந்து அடக்கி வைத்ததைத்தான் அந்தப் பிள்ளைகள் வாசலில் கொட்டினார்கள். கொட்ட இருந்த அந்த ஒரு இடத்தையும் நான் வீணையால் அடைத்தேன். மெர்சி அதற்குப் பிறகு தட்டவில்லை. கொஞ்ச நாளில் கேள்விக்குக் கை தூக்குவதையும் விட்டுவிட்டாள். வாய்ப்பாட்டில் அவள்தான் முதல் ஆள். கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுடைய ரேங்க் அட்டையில் "நன்னடத்தை: மிக நன்று" என்று எழுதினேன். பாப்பாவின் டைரியில் அந்தச் சின்னப் பெண் எழுதியதைப் படித்ததும் நான் ஏன் உன்னிடம் சண்டைக்கு வந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில், தேர்வாய் கண்டிகைக்குப் போகிற கம்பெனி வண்டிக்காக நீலச் சட்டைப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அதில் ஒருத்தி ஓடிவந்தாள். "இன்னா டீச்சர், ரிடயர்டு ஆய்ட்டீங்களா? என்னத் தெரியுதா? மெர்சி!" இப்போது லைன் சூப்பர்வைசராம், இரண்டு பிள்ளைகளாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அசட்டுத்தனமாக, "நான் வகுப்புல பாட்டு போடுவேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். பாராட்டுக்கு ஏங்கின கிழவி. "அது இல்லாமையா? நல்ல பாட்டுதான் டீச்சர்" என்று சிரித்தாள். "ஆனா அது ஓடறப்பல்லாம் எனக்கு ஒண்ணுக்கு முட்டினு வரும். எழுந்து கேட்டா அடிப்பீங்கன்னு அப்பிடியே அடக்கினு குந்தினு இருப்பேன். இப்பக்கூட டிவில வீணை சத்தம் கேட்டா எழுந்து பாத்ரூமுக்குப் போய்டுவேன்." பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் வண்டியில் ஏறிப் போனாள். வீட்டுக்கு வந்து நான் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. நான் கேட்க வைத்தது உலகத்திலேயே அழகான வாத்தியங்களில் ஒன்று. ஒரு பெண்ணுக்கு அது வாழ்நாள் முழுக்க மூத்திர பயமாகிவிட்டது.

வகுப்பில் செய்ததை வீட்டில் செய்யாமலா இருந்தேன்? உன் அப்பாவும் இரும்பு ஆலையில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்தான். அவருக்கு நைட் வருகிற வாரமெல்லாம் உனக்கு ஊமை வாரம். நுனிக்காலில் நடக்கப் பழக்கினேன். தும்மல் வந்தால் தலையணையில் தும்மப் பழக்கினேன். கேரம் போர்டுக்கு அடியில் போர்வையை விரித்து, காயை அடிக்காமல் விரலால் தள்ளித் தள்ளிக் குழியில் போட்டு விளையாடிய ஒரே பிள்ளை இந்தத் தாலுக்காவிலேயே நீயாகத்தான் இருப்பாய். "உங்க பையன் இருக்கிற எடமே தெரியலையே டீச்சர்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எனக்குத் தலை கால் புரியாது. இன்றைக்கு யோசித்தால் அது என்ன பாராட்டு? ஒரு குழந்தை இருக்கிற இடம் தெரியவில்லை என்றால் பதறித் தேட வேண்டாமா? நான் பெருமைப்பட்டேன்.

ஒருநாள் மத்தியானம் அப்பா எழுந்து வந்து நீ விரலால் காய் தள்ளுவதைப் பார்த்தார். "ஏண்டா இப்பிடி குந்தினுகீற? அடிச்சு ஆடேன்" என்றார். நான் அடுப்படியிலிருந்து, "நீங்க தூங்கணும்னுதான்" என்றேன். அவர் சிரித்தார். "மில்லுல நின்னு நின்னு எனக்குப் பாதி காது போச்சு டீச்சரம்மா. இவன் தொண்ட கிழியக் கத்தினாலும் எனக்குக் கொசு கத்தற மாதிரிதான். அவன வுடு." நான் விடவில்லை. "பழக்கம்னு ஒண்ணு இருக்கு, நீங்க சும்மா இருங்க" என்று அவர் வாயையும் அடைத்தேன். ஆக, யாருக்காக உன்னை அடக்கினேனோ அவருக்கே அந்த அமைதி தேவைப்படவில்லை. வகுப்பில் கோயில் மாதிரி இருந்தது போல வீடும் இருக்கவேண்டும் என்று எனக்குத்தான் தேவைப்பட்டது. நீ அந்த அமைதியில் வளர்ந்தவன். அதனால்தான் உன் பிள்ளை ஒரு டப்பாவைத் தட்டினால் உனக்கு அது நாய்ஸ் ஆகிவிடுகிறது. இதை உன்மேல் பழியாகச் சொல்லவில்லை. உனக்கு அந்தக் காதைக் கொடுத்தவள் நான்.

சங்கீதம் மனசை அமைதிப்படுத்தாது என்று நான் சொல்லவரவில்லை. படுத்தும். எனக்கு மூட்டுவலி வந்த ராத்திரிகளில் ஒரு புல்லாங்குழல் செய்ததை எந்தத் தைலமும் செய்ததில்லை. பாப்பாவுக்குப் பாட்டுப் போடு, தாராளமாகப் போடு. கூடத்தில், எல்லார் காதிலும் விழும்படி போடு. அவள் தட்டட்டும், குதிக்கட்டும், கூடவே கத்தட்டும். நடுவில் அலுத்துப்போய் எழுந்து ஓடட்டும். பாட்டு ஓடினால் இவளும் ஓடுவாள், பாட்டு நின்றால் ஒருவேளை நிற்பாள். அப்படி அவளாக நிற்கிற நேரம் வந்தால் அது அவளுடைய அமைதி. ஹெட்போனை மாட்டி, காலைப் பிடித்து அழுத்தி, அதற்குச் சங்கீதம் என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாட்டை வாசித்தவர் எத்தனை வருஷம் விரல் தேய உழைத்திருப்பார்! பிள்ளைகளைக் கட்டிப்போடும் கயிறாகத் தன் வாசிப்பைத் திரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்? நீ ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்றாய். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் போனில் ஒரு வீடியோ காட்டினாய். அதில் ஒரு குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. பாப்பா தொட்டில் குழந்தை இல்லை கண்ணு. அவளுக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு வேண்டிய கால்கள் இப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கின்றன.

உன் அப்பா சொல்லுவார், ஆலையில் மிஷின் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் சூப்பர்வைசர் நிம்மதியாக டீ குடிப்பார், சத்தம் நின்றால்தான் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார் என்று. இந்தப் பக்கத்தில் பிறந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் சுவரோரம் அந்த இளஞ்சிவப்பு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது பாப்பாவின் சத்தம் நின்றிருந்தது. நீ ஓடி வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வேலையை விட்டால் வீட்டுத் தவணை என்ன ஆகும் என்று நீ கேட்பாய். படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் பாப்பாவைப் பின் பெஞ்சில் தள்ளுவார்கள், நாளைக்கு மார்க் குறைந்தால் "நாங்கள் அன்றைக்கே சொன்னோமே" என்பார்கள் என்றும் பயப்படுகிறாய். அப்படி நடக்கலாம். நடக்காது என்று உனக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடங்கிவிடுவாள். எனக்கு அதுதான் பயம். முதலில் கால் விரல் அடங்கும். பிறகு கேள்வி அடங்கும். "மிக நல்ல முன்னேற்றம்" என்று டைரியில் எழுதுவார்கள். நீ அதை எல்லாரிடமும் காட்டுவாய், நான் என் ஏ.இ.ஓ. கதையைச் சொன்ன மாதிரி.

செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் நான் ரயிலேறி வருகிறேன். முட்டி வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும். உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னும் வீடு கட்டாத மனைகள் எத்தனையோ கிடக்கின்றன, முள்ளைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். பாப்பாவையும் அந்த மற்ற ஐந்து பிள்ளைகளில் வருகிறவர்களையும் அங்கே கூட்டிப்போய் இருட்டும்வரை ஓடவிடுகிறேன். மற்ற நாளில் ஒரு அரைமணி நேரம் உன் அமெரிக்காக்காரர்களிடம் கேட்டு வாங்கு. கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால், பின்னால் கேட்பது சத்தம் இல்லை, என் மகள் என்றாவது சொல்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதி காதுதான் என்றாலும் முழுக்கக் கேட்டார். "மெர்சி சமாச்சாரத்த எங்கிட்டகூட சொல்லலியே நீ" என்றார். பிறகு, "அவன் கையெழுத்துப் போட்டுட்டான்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். நீ தகப்பன். நான் ஆயா மட்டும்தான். கையெழுத்து உன்னுடையது.

பள்ளி திறக்கும் நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்தப் படிவத்தைச் சோபாவில் உட்கார்ந்தபடியே நானும் ஒருமுறை முழுக்கப் படித்தேன். ஆங்கிலம்தான், ஆனால் புரிந்தது. சம்மதம் இல்லை என்றால் காரணம் எழுதவேண்டுமாம். அதற்குக் கீழே இரண்டு கோடு இடம் விட்டிருக்கிறார்கள். நீ நன்றாக ஆங்கிலம் எழுதுவாய், ஆராய்ச்சி எல்லாம் தேடி எடுத்துப் பெரிதாக எழுதவேண்டும் என்று தோன்றும். அவ்வளவெல்லாம் வேண்டாம், ஒரு கோடே போதும். அந்த நேரத்தில் என் மகளுக்கு விளையாட்டு பீரியட் இருக்கிறது என்று எழுது. எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடு.

அம்மா